சேச்சியின் பச்சை செண்ட்

சேச்சி கையெழுத்துப் போட்ட ஃபைலைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிடுவேன். தபால் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாலை நாலு மணிக்குக் கட்டுக் கட்டாக ஃபைல்கள் என் மேஜைக்கு வரும். மற்றவையெல்லாம் தூசியும் பசையும் மணக்கும். சேச்சியுடையதைத் திறந்தால் மட்டும் அப்போதுதான் ஒடித்த பீன்ஸின் பச்சை வாடை மூக்கில் ஏறும். அதற்குப் பின்னால் கசப்பாக ஏதோ ஒன்று, அதற்கும் பின்னால் மழைக்காலத்துக் கிணற்றுச் சுவரின் பாசி. மறுநாள் காலையில் அதே ஃபைலை எடுத்துப் பார்த்தால் பச்சை போய்விட்டிருக்கும், பழைய தோல் பையின் மணம் மட்டும் மிச்சமிருக்கும். யாரும் பார்க்காதபோது மூடுவேன், திறப்பேன், மறுபடி மூடுவேன். அரசாங்க வேலையில் எனக்குக் கிடைத்த முதல் சுகம் அதுதான்.

சேச்சி எங்கள் அலுவலகத்தில் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் செக்‌ஷனின் சூப்பிரண்ட். அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதிக்குக் கணக்கெழுத வந்தவர். மகள் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், என்னிடம் இரண்டும் கலந்த ஒன்று. நாற்பது தாண்டியிருந்தது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் காலத்தில் பெண்களுக்கென்று வந்த செண்டுகள் மல்லிகையாக இருக்கும், ரோஜாவாக இருக்கும், இல்லாவிட்டால் பவுடர் வாசனை. நான் நல்ல பெண் என்று ஊருக்கெல்லாம் சர்டிபிகேட் காட்டும் மணங்கள். சேச்சியுடையதற்கு அந்தக் கவலையே கிடையாது. முதலில் அது படியேறி வரும், பின்னால் சேச்சி வருவார். வளைகுடாவில் நர்ஸாக இருந்த பக்கத்து வீட்டுப் பெண், லீவில் வரும்போதெல்லாம் ஒரு பச்சைக் குப்பி கொண்டுவந்து கொடுப்பாள். எந்த ஆண் வாங்கிக் கொடுத்துவிடுகிறான் என்று ஆபீஸில் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி நேரிலேயே கேட்டாள். "நான்தான் வாங்கறேன். எனக்கு மணக்கறதுக்கு வேற யாரு வாங்கணும்?" என்று சேச்சி திருப்பிக் கேட்டார்.

என் கதை வேறு. வலியசாலை அக்ரஹாரத்து வீடு. காலையில் கட்டிப் பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்து வைப்பது என் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் அந்த வாடை தங்கிவிடும். நான் ஆபீஸுக்குள் நுழைந்தால் பின் வரிசையில், "சாம்பார் எத்திப் போயி" என்று யாராவது சொல்வார்கள், சாம்பார் வந்துவிட்டதாம். மற்றவர்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுகை வரும். ஒருநாள் தபால் புத்தகத்தை நீட்டியபோது சேச்சி என் விரலைப் பிடித்து மோந்து பார்த்தார். "பெருங்காயம் அல்லே? என் செண்ட்லயும் இதே சாதனம் உண்டு, கேட்டோ. குப்பியில அடைச்சா செண்ட், உங்கம்மா ரசத்துல போட்டா நாத்தமா?" ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அந்தக் கசப்புப் பச்சைக்காக அதில் சேர்க்கும் பிசின் பெருங்காயத்தின் உறவுக்காரச் செடியிலிருந்து வருகிறது என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அன்று முதல் என் கையை நானே மோந்து பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். இரண்டு வாடையும் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் குடியிருப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் செய்ததையும் சொல்ல வேண்டும். சேச்சியின் செண்டினால் வேலை செய்ய முடியவில்லை என்று பக்கத்து செக்‌ஷன் ஸார் பெரிய அதிகாரிக்கு ஒரு மனு தயாரித்தார். செண்டா அவருக்குப் பிரச்சினை? தனியாக வாழும் ஒரு பெண் தலைநிமிர்ந்து மணப்பதுதான் பிரச்சினை. ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் தன் உபாதையையும் எழுத வேண்டும். ஒன்பது பேர் எழுதிவிட்டு என்னிடம் வந்தார்கள். "ப்ரொபேஷன்ல இருக்கற கொச்சு எல்லாரோடயும் சேர்ந்துதான் போகணும்" என்றார் ஸார். கொச்சு, அதாவது சின்னப் பெண், நான்தான். எனக்கு வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். காரணங்களை இன்றும் மனப்பாடமாக ஒப்பிப்பேன், ஆனாலும் வெட்கம் குறைவதில்லை. பத்தாவதாகக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் 'தினமும் தலைவலி' என்று எழுதினேன்.

பெரிய அதிகாரி அதைப் படித்தாரோ இல்லையோ, மூலையில் 'குறிப்பு வைக்கவும்' என்று கிறுக்கிக் கீழே அனுப்பிவிட்டார். தபால் பிரிவுக்கு வந்த எதற்கும் நான் எண் போட வேண்டும். போட்டேன். ஊழியர் பற்றிய மனு எதுவானாலும் ஊழியர் விவகார செக்‌ஷன் சூப்பிரண்டுக்குத்தான் போக வேண்டும். எண் போட்டு முடித்த பிறகுதான் அந்த சூப்பிரண்ட் யார் என்பது எனக்கு உறைத்தது. மனு எழுதிய மேதாவிகள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சேச்சி மேலுள்ள புகாரை விசாரித்துக் குறிப்பு எழுத வேண்டியவர் சேச்சியேதான். என் கையாலேயே கொண்டுபோய் அவர் மேஜைத் தட்டில் வைத்தேன். நாலு மணிக்கு ஃபைல் திரும்பி வந்தது. திறந்ததும் பீன்ஸ், கசப்பு, பாசி. உள்ளே உருண்டையான கையெழுத்தில் இரண்டே வரி: 'மனு பார்க்கப்பட்டது. நாளை முதல் அலுவலகத்தில் இது உபயோகிக்கப்படாது. ஃபைலை முடிக்கலாம்.' அப்படி மணந்த கடைசி ஃபைல் அதுதான்.

மறுநாள் சேச்சி வந்தார், மணம் வரவில்லை. ஆபீஸ் பழைய காகிதமாக ஆகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும்போல "ஊணு கழிச்சோ?" என்று சாப்பாட்டை விசாரிப்பார். நான் தலையாட்டுவேன். அவ்வளவுதான். அந்த வருஷம் பொன்முடிக்கு ஆபீஸ் சுற்றுலா போனோம். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. சேச்சி ஏறினார், அந்த மணமும் ஏறியது. ஆபீஸ் இல்லையே, இங்கே தடை கிடையாதே! எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சேச்சி என்னைப் பார்த்தார், சற்று நின்றார், பிறகு டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டுக்குப் போய்விட்டார். கல்லாற்றில் வண்டியை நிறுத்தியபோது எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். சேச்சி தூரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். நனைந்த காடு, மிதிபட்ட செடி, பாறைப் பாசி. எது ஆறு, எது சேச்சி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் எவ்வளவு நேரம் அப்படிக் கிறங்கி நின்றேனோ தெரியாது. மன்னிக்க மாட்டார் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மாற்றல், கல்யாணம், பண்டிகைக்கு ஒரு போன் என்று வருஷங்கள் ஓடின.

இப்போது நானும் ஓய்வு பெற்றாயிற்று. அந்த செண்ட் அதே பெயரில் இன்றும் விற்கிறது. ஒரு பெரிய கடையில் மோந்து பார்த்தேன். மரியாதை கற்றுக்கொண்டுவிட்டது, பாவம். பாசியைக் குறைத்துவிட்டார்களாம். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் மகள், பழைய செண்டுகளைச் சேர்க்கிற யாரிடமிருந்தோ பழைய குப்பி ஒன்றைத் தேடிப்பிடித்து அனுப்பினாள். அதை எடுத்துக்கொண்டு போன மாதம் கரமனைக்குப் போனேன். சேச்சி அங்கே ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். எழுபது தாண்டியும் அதே விறைப்பான கஞ்சிப் புடவை. குப்பியைப் பார்த்ததும் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது.

"அந்த மனுவுக்காக சேச்சிக்கு என்மேல கோபம்தானே?"

"கோபமா? அய்யய்யோ, எதுக்கு?" என்றார். "மூச்சு முட்டுதுன்னு எழுதினவன் வாயில எப்பவும் பீடி. எனக்குச் சிரிப்புதான் வந்தது. 'அடிச்சுட்டுத்தான் வருவேன், செய்யறதைச் செய்யுங்க'ன்னு எழுதப் பேனாவை எடுத்துட்டேன். அப்போ பாத்தா, கடைசியில உன் பேரு. தினமும் தலைவலின்னு. நீ பொய் எழுத மாட்டியே. பாவம் கொச்சு, வாயத் திறக்காம சகிச்சிருக்கியேன்னு எனக்கு ஒரே சங்கடம். அதோட நிறுத்தினேன். பொன்முடி போனப்போ ஒரு ஆசைக்கு அடிச்சுட்டு வந்தேன். உனக்கு வலிக்குமேன்னு முன்னாடி போய் உக்காந்தேன். உனக்கு ஓர்மை இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது என்று அங்கேயே நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். என்மேல் இவ்வளவு நல்ல எண்ணம் வைத்திருந்தவரிடம் ஏன் சொன்னேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

"எனக்கு ஒரு நாளும் தலை வலிச்சதில்லை சேச்சி. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அந்த வாசனைக்காகத்தான் ஃபைலைத் திறந்து திறந்து பார்ப்பேன்."

சேச்சி குப்பியைக் கீழே வைத்தார். "அப்போ எதுக்கு எழுதினே?"

"பயந்துட்டேன்."

"அப்போ எனக்குப் பதினோரு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது மோளே," என்றார் சேச்சி. குரல் உயரவில்லை. "நீ இப்போ போ. பின்னே ஒரு நாள் வா."

வாசல்வரை வந்து வழியனுப்புகிறவர் அன்று எழுந்திருக்கவில்லை. படியிறங்கி, கேட்டுக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். மாடி ஜன்னலிலிருந்து அது இறங்கி வந்தது. முதலில் பச்சை, பின்னால் கசப்பு. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலருகே சேச்சி மணிக்கட்டை மூக்கில் வைத்தபடி நின்றிருந்தார். கீழே நிற்கும் என்னையும் பார்த்தார். ஜன்னலைச் சாத்தவில்லை.