சார் மாத்திப் போட்ட கட்டம்

அரியலூர்ல சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீஸுக்கு கம்ப்யூட்டர் வந்தப்ப அதத் தொடத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். பி.எஸ்சி முடிச்சு திருச்சியில கோர்ஸும் படிச்சவன், அந்தத் திமிரு வேற. தெனம் பெரம்பலூர்லேந்து பஸ்ஸு. ஏசி ரூம் வாசல்ல செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போவணும். மானிட்டர் நெத்தியில சந்தனம், குங்குமம்.

ஃபைலெல்லாம் பாக்க அதுல ஒரு புரோகிராம். தொறந்தா ஸ்கிரீன் ரெண்டு கட்டமாப் பிரியும். எடப்பக்கம் மெஷினுக்குள்ள இருக்கற ஃபைலு, வலப்பக்கம் ஃபிளாப்பியில இருக்கறது. எடப்பக்கம் நின்னு எஃப் ஃபைவ் தட்டுனா வலப்பக்கம் காப்பியாயிரும். அவ்ளோதான் மேட்டரு.

அதுல உசுரு சம்பந்தப்பட்ட ஃபைலு ஒன்னே ஒன்னு. நாளைக்கு எந்தக் குழியில வெடி, எந்தக் குழியில லாரிக்குக் கல்லு லோடுன்னு மைன்ஸ் மேனேஜர் சொல்றத சாயங்காலம் அதுல ஏத்தி, பத்திரத்துக்கு ஃபிளாப்பியிலயும் ஒரு காப்பி போட்டு வைப்பாங்க. காலையில நான் பிரிண்ட் எடுத்து அனுப்புவேன். அந்தப் பேப்பரப் பாத்துத்தான் லோடு கேங் குழிக்குள்ள எறங்கும். வெடிக்காரனுக்கு மட்டும் மேனேஜரே நேர்ல சொல்லிருவாரு. அந்த கேங்ல எங்கண்ணனும் ஒரு ஆளு.

எங்க செக்‌ஷன் சார் ஒரு நாள் பின்னாடி வந்து நின்னாரு.

"என்னடா இது, கம்பெனி சரக்க எடக்கைப் பக்கம் வச்சிருக்க?"

"சார், அது கை இல்ல சார், ஸ்கிரீனு."

"எதுவா இருந்தா என்னடா? எடக்கையால சோறு போடுவியா? மாத்து."

"சாயங்கால ஆபரேட்டருக்கு இதான் சார் பழக்கம். கொழம்பிருவாரு."

"படிச்சவன்னா நீ பெரிய இவனா? தள்ளு."

ராகுகாலம் முடியறவரைக்கும் காத்திருந்து, புக்கப் பாத்து அவரே மாத்திப் போட்டாரு. மெஷின் வலப்பக்கம் போச்சு, ஃபிளாப்பி எடப்பக்கம் வந்துச்சு. கன்னத்துல வேற போட்டுக்கிட்டாரு.

சாயங்கால ஆபரேட்டரு பழைய டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங் ஹையர் பாஸு. கீயப் பாக்காம அடிக்கறதுதான் அவருக்குப் பெருமையே. அந்தப் பெருமையில ஸ்கிரீனயும் பாக்க மாட்டாரு.

"அண்ணே, சார் பக்கத்த மாத்திட்டாருண்ணே, பாத்து."

"பாத்து அடிக்கறவன் டைப்பிஸ்டே இல்ல தம்பி. நீ பஸ்ஸப் புடி."

அன்னிக்கு சாயங்காலம் புது பிளான ஏத்திட்டு, எப்பவும் போல எடப்பக்கம் நின்னு எஃப் ஃபைவ், என்ட்டர். 'பழசு மேல எழுதவா'ன்னு மெஷின் கேட்டிருக்கும். அதுக்கும் ஒரு என்ட்டர். ஃபிளாப்பியில கெடந்த பழைய பிளான் புதுசு மேல ஏறி ஒக்காந்துருச்சு.

காலையில நான் எடுத்த பிரிண்ட்ல தேதி சரியா இருந்துச்சு. தேதிய மெஷினே போட்டுரும். தேதி இன்னைக்கி, சங்கதி நேத்து. ரெண்டு மூணு நாளு ஒரே குழியில லோடு ஓடறது சகஜம், அதனால எனக்கு ஒன்னும் ஒறைக்கல.

சாப்பாட்டுக்கு முன்னாடி சும்மா கட்டத்தத் தொறந்து பாத்தேன். ஃபைலு பக்கத்துல முந்தாநாள் தேதி. நேத்து சாயங்காலம் ஏத்துனதுக்கு நேத்து தேதியில்ல இருக்கணும்? ஏசியிலயும் முதுகு நனஞ்சுருச்சு. மைன்ஸ் மேனேஜருக்கு போன் போட்டேன்.

"சார், இன்னைக்கி வெடி எந்தக் குழி?"

"வடக்குக் குழிடா. நேத்தே சொன்னேன்ல?"

பேப்பர்ல லோடு வடக்குக் குழி, வெடி தெற்குக் குழின்னு இருந்துச்சு. விசயத்தச் சொன்னதும் அந்தப் பக்கம் போனு டொக்குனு விழுந்துச்சு. நான் குவாரி ஷெட்டுக்கு அடிச்சேன். மணி போவுது, போவுது, எடுக்க ஆளில்ல.

"பதறாதடா, உள்ள ஆளிருந்தா வெடிக்க விடாம கொடி புடிக்கறவன் பாத்துப்பான்"னு சார் சொன்னாரு. சொல்லும்போதே அவரு ஒதடு வெள்ளையா இருந்துச்சு.

அவரு மொபெட்டையே எடுத்துக்கிட்டுப் பறந்தேன். பாதி வழியில சங்கு ஊதுச்சு. தெனம் ஊதற சங்குதான். உள்ள இருக்கறவன் தெற்குக் குழிக்குன்னு நெனச்சு வேலயப் பாத்துக்கிட்டிருப்பான். ரோட்டோரக் கருவேலம் பூரா சுண்ணாம்புப் பூச்சு, ஒரு எல அசையல. அப்பறம் தரை ஒரு ஒத ஒதச்சுது, மொபெட்டு தனியா நான் தனியா விழுந்தேன். வடக்கால வெள்ளையா ஒன்னு எழுந்திரிச்சு நின்னுச்சு. கலையவே இல்ல.

மேல ஏறி வந்தவனெல்லாம் வெள்ளை. எவன் எவன்னு தெரியல. எங்கண்ணன ரெண்டு பேரு கைத்தாங்கலாத் தூக்கிட்டு வந்தாங்க. காதுலேந்து ரத்தம் கழுத்துக்கு எறங்கியிருந்துச்சு.

கொடிக்காரரு என் சட்டையப் புடிச்சாரு. "மேல தொளை போட்டு மருந்து ஏத்தியிருக்கான், ஏறுங்கடான்னு கத்துனேன். எல்லாவனும் ஏறிட்டான். உங்கண்ணன் மட்டும், எந்தம்பி கம்ப்யூட்டர்ல அடிச்ச பேப்பரு, அது எப்புடித் தப்பாவும்னு நின்னுச்சுப்பா. வெடிக்காரனுக்குக் கொடி காட்டறதுக்குள்ள..."

ஆஸ்பத்திரியில அண்ணனுக்கு ரெண்டு காதுலயும் பஞ்சு. கண்ணத் தொறந்ததும் வார்டே திரும்பற மாதிரி கேட்டுச்சு: "நாளைக்கி லோடு எந்தக் குழிடா?"

"நீ இனிமே அங்க போவாதண்ணே."

"ஆங்? வடக்கா தெக்கா?"

"போவாதன்னு சொல்றேன்!"

என் வாயையே பாத்துச்சு. பாத்துட்டு, ஏதோ புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுச்சு.

"சரி விடு. காலையில பேப்பர்ல பாத்துக்கறேன்."