கட்டிலில் அவர் பக்கம்

என் வீட்டுக்காரர் லண்டனில் கடை வைத்திருந்தார். அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு, மருதமுனையில் நெய்த சாரம் எல்லாம் அங்கே கிடைக்கும். எனக்கு அவர்தான் கிடைக்கமாட்டார்.

எங்களுக்கு மூன்றும் பெண்கள். எங்கள் ஊர் கல்முனைக்குடியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். தாய் தகப்பன் கொஞ்ச நாளில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மகளின் வீட்டுக்கு மாற வேண்டும். “மூத்தவட ஊடு முடியட்டும், வந்திருவன்” என்றார். முடிந்தது. பிறகு நடுவிலவளின் வீடு என்றார்.

எல்லாம் போனிலேயே கட்டினார். மேசனின் மூக்குக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நான் வெயிலில் நிற்பேன். குசினி ஜன்னல் ஒரு சாண் இறங்கிவிட்டது என்று லண்டனிலிருந்து சத்தம் வரும். எனக்குக் காய்ச்சல் என்றால், “ம், ம், அந்தப் பக்கம் திருப்பு புள்ள” என்பார். பிள்ளைகள் என்றால் மனிசனுக்கு உயிர். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தாய் இருக்கிறாள் என்பது சீமெந்து காய்ந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

மூத்தவளின் கலியாணத்துக்கு வந்து போனார். பிறகு நாங்கள் நடுவிலவளின் வீட்டுக்கு மாறினோம். போனில் சொன்னேன்தான். அவர் அப்போது டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தமுறை சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் வந்து, மூத்தவளின் பின்கதவுக் கொளுக்கியைக் கழற்றிக்கொண்டு குசினிக்குள் நுழைந்திருக்கிறார். மருமகன் தும்புத்தடியை ஓங்கிக்கொண்டு வரவேற்றான்.

என்னிடம் வந்தபோது முகம் கருவாடாகிக் கிடந்தது.

“நான் கட்டின ஊட்டுல என்னையே இரிங்க மாமா, டீ குடிங்க எண்டுறான்.”

“நீங்க எங்கட வாப்பா கட்டின ஊட்ட வந்து என்ன செஞ்சீங்க, மச்சான்? அவருக்கு டீயும் குடுக்கல்ல.”

அந்த நேரம் பார்த்துக் கேட்டேன். சின்னவளின் வீட்டோடு ஒட்டி ஒரு அறை, தனிக் கதவு. யாருக்கும் எழுதிக் கொடுக்காத, நாங்கள் எழும்பிப் போகத் தேவையில்லாத அறை. ஓம் என்றார். அது முடிந்ததும் கடையை விற்றுவிட்டு வருவதாகவும் சொன்னார்.

அறை எழும்பியது. இந்தமுறை சண்டை எலெக்ட்ரீசியனோடு. கட்டில் எங்கே என்று முதலில் தீர்மானித்தார். கதவுப் பக்கம் எனக்கு, சுவர்ப் பக்கம் அவருக்கு. ஃபேன் சுவிச் அவருடைய தலைமாட்டில். எனக்கும் ஒன்று வைக்கச் சொன்னேன்.

“என்னத்துக்கு? நான் பக்கத்துல இரிப்பன்தானே. சொன்னா போட்டுத் தருவன்.”

பெயின்ட் அடித்தாயிற்று. கடைக்கும் ஆள் கிடைத்தது. டிக்கட் போட்ட கிழமை, கடைக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மௌத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கினார்கள். ஜனாஸாவையும் போனில்தான் பார்த்தோம். அங்கே போனைப் பிடித்திருந்தவனின் கை ஆடிக்கொண்டே இருந்தது. ஒழுங்காகப் பிடி என்று சத்தம்போட அவர் இல்லை.

பகல் சாப்பிட்டுச் சாய்ந்தால் வேர்த்துக் கொட்டும். சுவிச் அந்தப் பக்கம். என் முழங்காலுக்கு அந்தக் கட்டிலைக் கடப்பது ஆற்றைக் கடக்கிற மாதிரி. சின்னவள் நேற்றும் கேட்டாள்.

“உம்மா, எலெக்ட்ரீசியனக் கூப்பிட்டு இஞ்சால மாத்துவமா?”

“உன்ட வாப்பா போட்டுத் தாறன் எண்டு சொன்னவர். சொன்னவரே போடட்டும்.”

ஃபேனைப் போடுங்க என்று முதலில் அவரிடம் சொல்வேன். கொஞ்சம் பார்ப்பேன். பிறகு ஏசிக்கொண்டு நானே அவர் பக்கத்துக்குத் தவழ்ந்து போவேன்.