மல்லிகாவுக்குப் பதிலாக வந்தவள்

நெஞ்சு எக்ஸ்ரேக்கு வரும் கல்யாணமான பெண்களிடம் தாலியைக் கழற்றச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் கழற்ற மாட்டார்கள். "வாயில கவ்விக்கம்மா" என்பேன். சங்கிலி நெஞ்சை விட்டு மேலே ஏறிவிடும், படத்தில் விழாது. எண்பதுகளில், மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை எனக்கு. ரப்பர் எஸ்டேட் பெண்களோடு நான் செய்துகொண்ட சமரசம் அது.

ஒருநாள் மல்லிகா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். எஸ்டேட்டில் பால்மரம் வெட்டும் பெண். விடாத இருமல், சளியில் ரத்தம். காசநோயா என்று பார்க்க டாக்டர் அனுப்பியிருந்தார். உள்ளே வந்தவளோ இருமவே இல்லை.

"தாலியக் கவ்விக்கம்மா."

கழுத்தைத் தடவினாள். வெறும் கழுத்து.

"நீ மல்லிகா இல்லியே?"

அழுதுவிட்டாள். "அண்ணி முழுகாம இருக்காங்கண்ணே. படம் எடுத்தா புள்ள கருகிடும்னு அம்மாதான் என்னய அனுப்புச்சு."

இவளுடைய சுத்தமான நெஞ்சுப் படம் மல்லிகா பேரில் போயிருந்தால், ஒன்றுமில்லை என்று அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

வெளியே பெஞ்சில் மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள். மாமியார் முன்னால் வந்து மறித்தார்.

"கிரகணத்துக்கே வெளிய விடாம வச்சிருக்கேன் தம்பி. ஒங்க மிஷினுக்கா குடுப்பேன்? முடியாது லா."

டாக்டரை அழைத்து வந்தேன். தமிழர்தான்.

"வயித்த மறைச்சுத்தான் எடுப்போம். நெஞ்சுக்கு எடுக்கிறதுல வயித்துக்குப் போறது ரொம்ப ரொம்பக் கம்மி. நோயக் கவனிக்காம விட்டாத்தான் ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

"ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"சத்தியம் பண்ண மாட்டேம்மா. எம் பொண்ணா இருந்தாலும் எடுக்கத்தான் சொல்லுவேன்."

மல்லிகா எழுந்தாள். "அத்தே, நான் இருந்தாத்தானே புள்ள? எடுங்கண்ணே."

கதிரை மறைக்கும் ஈயத் துணியை அவள் இடுப்பில் கட்டினேன். "புள்ளையவிட இதுதான் கனமா இருக்கு" என்றாள்.

படத்தில் வலது நுரையீரலின் மேற்பக்கம் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை. சளிப் பரிசோதனையும் காசநோய் என்றது. மருந்து தொடங்கினார்கள். பையன் ஒல்லியாகப் பிறந்தான், ஆனால் வார்டையே கூட்டும் குரல். மல்லிகாவும் தேறினாள்.

அதுவரை, "யாராச்சும் முழுகாம இருக்கீங்களா?" என்று ஆண்களும் நிற்கும் வராந்தாவில்தான் சத்தம் போட்டுக் கேட்பது வழக்கம். எவள் வாய் திறப்பாள்? அதன்பிறகு நர்ஸ் மிஸ்ஸி ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

இன்றைக்கு எம்ஆர்ஐ அறையில் நிற்கும் பிள்ளைகளே, உங்கள் மிஷினில் அந்த எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஆனாலும் வயிற்றுப் பிள்ளையோடு வருகிறவள் அதே பயத்தோடுதான் வருவாள். தெரிந்ததை அவளிடம் சொல்லுங்கள், தெரியாததையும் மறைக்காதீர்கள். அவள் சரி என்று சொன்ன பிறகு கதவைத் திறந்துவிடுங்கள்.