மனசு டாக்டரிடம் நர்ஸ் வேலை

காய்ச்சல் ஆஸ்பத்திரி நர்ஸைத் தெருவில் பார்த்தால் கும்பிடுவார்கள். மனநோய் ஆஸ்பத்திரி நர்ஸைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த நர்ஸ்களான உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஐம்பதுகளின் கடைசியில், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு டாக்டர் சில கட்டில்களைப் போட்டு அப்படி ஓர் ஆஸ்பத்திரி நடத்தினார். நான் அங்கே நர்ஸ்.

யாருக்கு நோய்?

தம்மம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மாள் மாதக்கணக்கில் தலை சீவவில்லை, அடுப்புப் பக்கம் போகவில்லை, பேச்சும் இல்லை. “அம்மாவுக்கு என்ன செய்கிறது?” என்றேன். யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார்: “அவளுக்கு ஒண்ணுமில்லைங்க. தலைவலி எனக்குத்தான். மருந்தை மட்டும் அவளுக்குக் குடுங்க.”

கரண்ட் வைத்தியம்

பழனியப்பன் குமாரபாளையத்து நெசவாளி. காவிரியில் விழுந்தவரைப் பரிசல்காரர்கள் இழுத்துப் போட்டிருந்தார்கள். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். இனி மாத்திரைக்குக் காத்திருந்தால் ஆள் தங்கமாட்டார், தலையில் கரண்ட் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கைகால் உதறாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. மாதாவை வேண்டிக்கொண்டே போனேன். வாசலில் அவர் மனைவி ராசம்மாள் வழிமறித்தாள்.

“ஏனுங்க சிஸ்டர், எங்கூர்ல கரண்டு வாரதும் போறதுமா இருக்குதுங்க. இங்கயும் நடுவுல நின்னு போச்சுன்னா, இவரு பாதிக் கொணமாத்தான் வருவாருங்களா?”

கஞ்சி

சில தடவை கரண்ட் வைத்தான பிறகு, ஒரு நாள் காலையில் வழக்கம்போலக் கஞ்சி டம்ளரை நீட்டினேன். தானே வாங்கி ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். சுவரையே பார்த்துக்கிடந்த மனுஷர் என்னை நிமிர்ந்து பார்த்து, “உப்பே இல்லீங்களே” என்றார். ராசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் ஓடி வந்தார். டம்ளரை வாங்கித் தானும் கொஞ்சம் குடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பேஷண்ட் தெளிவாத்தான் இருக்கார். நீதான் உப்புப் போடலை.”

ராசம்மாளின் புகார்

அடுத்த வருஷம் இருவரும் டாக்டரைப் பார்க்க வந்தார்கள். பழனியப்பன் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். தறியில் உட்காருகிறார், நன்றாகத் தூங்குகிறார், குறை ஒன்றுமில்லை. ராசம்மாள் மட்டும் என்னைத் தனியே இழுத்துப் போனாள்.

“தறியில உக்காந்தா ஒரே பாட்டுங்க. கொரலு கேக்கச் சகிக்கலீங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும் சாமி, பாட்டு மட்டும் நிக்கற மாதிரி ஒரு மாத்திரை இருக்குங்களா?”

அழுதுகொண்டு வந்த வீட்டார் என்றைக்கு அலுத்துக்கொள்ள ஆரம்பிக்கிறார்களோ, அன்றைக்குத்தான் நம் வேலை முடிந்தது என்று அர்த்தம்.