மந்திரித்த பேய்கள்

திகில் காமிக்ஸைத் தொகுப்பாகப் படிக்கிறவன் பாதி முட்டாள் என்பது என் கட்சி. கற்பனை உலகக் கதையைத் தொகுப்பாகப் படிக்காதவன் முழு முட்டாள் என்பது என் மனைவியின் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வந்தால் பேசுவதற்கு வேறு விஷயம் தேட வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு பேருமே இழுத்தடிக்கிறோம்.

என்னுடைய தொடரில் ஒரு கடலோர ஊர். வெள்ளத்தில் பாதிப் பேர் செத்துப்போகிறார்கள். சில மாதம் கழித்து, பொழுது சாயும் நேரத்தில், ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். முகம் அழுகியிருக்கும், வாயில் பேச்சு இருக்காது, நேராகப் போய் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடுவார்கள். மாதம் ஓர் இதழாக வந்தபோது கடைசிப் பக்கத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள், அதோடு 'தொடரும்' போட்டுவிடுவான் பாவி. அடுத்த இதழ் வரும்வரை பார்சல்காரர் மணி அடித்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடும். தொகுப்பிலோ அந்தக் கதவு அடுத்த பக்கத்திலேயே திறந்துவிடுகிறது. பயப்படுவதற்கு நேரமே தருவதில்லை. அப்படியும் தொகுப்பை வாங்கினேன். இந்த ஊர் ஈரக்காற்றில் தனி இதழ்கள் எல்லாம் அப்பளமாக நெளிந்துபோய்விட்டன.

அவளுடைய தொடரில் ஓர் அரசி, பறக்கும் திமிங்கலத்தின் முதுகில் அரண்மனை கட்டி ஆள்கிறாள். முன்னால் வரைபடமும் பின்னால் வம்சாவளியும் இல்லாமல் ஒன்றும் விளங்காது. அவை தொகுப்பில்தான் உண்டு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதையில் ஒருத்தரும் ஒழுங்காகச் சாவதில்லை. ஏதோ நீல இலையைக் கசக்கி வாயில் ஊற்றினால் பிணம் எழுந்து வாளைத் தேடுகிறது. நாலு தடவை செத்த தளபதிக்கு ஐந்தாம் தடவை யார் அழுவது என்று கேட்டால், உங்கள் ஆட்கள் மட்டும் செத்த பிறகு சும்மாவா கிடக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பாள்.

இரண்டு தொகுப்புகளும் ஒரே உயரம், ஒரே கனம். தலையணைக்குப் பதில் வைத்துப் படுக்கலாம், கழுத்து பிசகும். கெட்டி அட்டைக்கு மேல் வழவழப்பான காகித உறை ஒன்று இருக்கும். என்னுடைய உறைகளில் அழுகிய முகங்கள். அவளுடையவற்றில் தங்கநிறத் திமிங்கலம். அவள் உறையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படிப்பாள், கைரேகை படுமாம். அவற்றுக்கென்றே ஓர் இழுப்பறை ஒதுக்கியிருந்தாள்.

போன வருஷம் மாமனார் இறந்துபோனார். மாமியாரைத் தனியாக விட மனமில்லாமல் பூன் லேயில் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்து மூன்று பேரும் குடிபோனோம். பெட்டிகளைப் பிரித்து முடித்ததும் அத்தை இரண்டு அறிவிப்புகள் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பாதர் வந்து தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரிப்பார். அதற்குள் அலமாரியில் இருக்கிற அந்தப் பேய் மூஞ்சிகள் வெளியே போய்விட வேண்டும். மந்திரித்த வீட்டுக்குள் அவை திரும்பி வரவும் கூடாது. அத்தை பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறிவிப்பு என்றால் அறிவிப்புதான், மேல்முறையீடு கிடையாது.

அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாக, டோபி காட் பக்கம் இருந்த ஒரு கடையில் சொல்லி வைத்து வாங்கியிருந்தேன். அந்தக் கடை இப்போது இல்லை. புத்தகங்களும் அச்சில் இல்லை. வெளியே போனால் போனதுதான்.

அப்போதுதான் அத்தையின் ஜெபப் பீடத்துக்குப் பின்னால் செருகியிருந்த குருத்தோலைகள் கண்ணில் பட்டன. கோயிலில் வருஷாவருஷம் மந்திரித்துக் கொடுத்த ஓலைகள், காய்ந்து நொறுங்குகின்றன. ஆனால் மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது என்று அத்தை ஒன்றைக்கூட எறிந்ததில்லை. எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து உட்கார்ந்தான். பாதர் தீர்த்தம் தெளிக்கும் நேரத்தில் புத்தகங்கள் அலமாரியில் இருந்துவிட்டால் போதும். அப்புறம் அவையும் மந்திரித்த பொருள்தானே. அதுவரைக்கும் அத்தை கண்ணில் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

திமிங்கல உறைகளைக் கேட்டேன். பெற்ற தாயை ஏமாற்றுவதில் என் மனைவிக்கு ஆட்சேபணை எதுவும் இருக்கவில்லை. உறையில் மடிப்பு விழுந்தால் கொன்றுவிடுவேன் என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமை அத்தை தேக்கா சந்தைக்கு ஆட்டிறைச்சி வாங்கப் போன நேரத்தில் என் பேய்கள் அனைத்துக்கும் தங்கச் சட்டை மாட்டினேன். அவளுடைய நிஜமான திமிங்கலங்கள் உறையில்லாமல் பக்கத்திலேயே நின்றன.

பாதர் அறை அறையாக ஜெபித்துக்கொண்டு வந்தார். பின்னால் அத்தை மெழுகுவர்த்தியோடு. அலமாரி முன் வந்ததும் பாதர் தாராளமாகவே தெளித்தார். என் பேய்களுக்கு ஞானஸ்நானமே ஆகிவிட்டது. நான் பக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டேன். மனைவி உறையில் பட்ட நீர்த்துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதர் ஒரு புத்தகத்தின் முதுகைத் தடவி, பார்க்க அழகாக இருக்கிறதே என்றார். மகள் வாசிக்கிற தேவதைக் கதை என்று அத்தை பெருமையாகச் சொன்னார். அங்கேதான் வம்பு தொடங்கியது.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால் அலமாரியில் முதல் தொகுதியைக் காணோம். அத்தையின் அறையில் விளக்கு எரிந்தது. மனைவியைப் பார்த்தேன். இது உங்கள் வழக்கு என்பதுபோல அவள் குளிக்கப் போய்விட்டாள். பாதர் பாராட்டிய புத்தகமாயிற்றே என்று அத்தை எடுத்திருக்கிறார். முதல் பக்கத்திலேயே கண்ணில்லாத ஒருவன் சேற்றிலிருந்து எழுந்து வருவான். புத்தகங்கள் போவது இருக்கட்டும், பாதர் முன்னால் செய்த பித்தலாட்டத்துக்கு என்ன பதில் சொல்வது?

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. எனக்கு மீன் குழம்பில் தலைத்துண்டை எடுத்து வைத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். வாரக் கடைசியில் முதல் தொகுதி திரும்பி வந்தது, இரண்டாவது காணாமல் போனது. நடுவில் மனைவியின் நிஜத் திமிங்கலமும் ஒருநாள் அத்தையின் அறைக்குப் போய், வெகு சீக்கிரத்தில் திரும்பிவிட்டது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அத்தை பேச்சை எடுத்தார்.

"சட்டைய மாத்திட்டா எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை?"

நான் தட்டைப் பார்த்தேன். மனைவி சிரிப்பை அடக்க மோரைக் குடித்தாள்.

அடுத்து அவளுக்கும் திட்டு விழுந்தது. அந்தத் திமிங்கலக் கதையில் இலையை ஊற்றினால் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள், அது ஆகிற காரியமா, ஆஸ்பத்திரியில் நாம் என்னென்னவோ ஊற்றிப் பார்க்கவில்லையா என்று கேட்டார். மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

அப்படியென்றால் என் புத்தகம் பயமாக இல்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

"மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் செத்துப்போன புருஷன் வந்து உக்காந்ததும் அந்தம்மா ஓடாம, அந்த ஆளுக்குத் தட்டு எடுத்து வச்சுது பாருங்க. நானா இருந்தாலும் வச்சிருப்பேன்லா. மூஞ்சி எப்படி இருந்தா என்ன, வந்தா போதும்."

யாரும் சாப்பிடவில்லை. மாமனார் இறந்ததிலிருந்து அத்தை எங்கள் முன்னால் அழுததில்லை, அப்போதும் அழவில்லை. இத்தனை தடவை படித்தும், அந்தத் தட்டை நான் பயங்கரமான காட்சி என்றே நினைத்திருந்தேன்.

கடைசித் தொகுதி அவருக்கு இன்னும் பாக்கி. முடிவில் அந்த ஆள் ஒரு வார்த்தையாவது பேசுவாரா என்று கேட்டார். கதை முடிவைச் சொல்கிறவனோடு நான் உறவே வைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் சொன்னேன்.

"பேசமாட்டாரு அத்தை. ஆனா தினமும் வருவாரு."

அத்தை குழம்புக் கரண்டியைக் கையில் எடுத்தார்.

"உங்க மாமாவும் சாப்பிடுறப்ப பேசமாட்டாரு," என்றார்.