டோ சொர்ணம்மாளின் பின்லாந்துச் சட்டம்

பின்லாந்து என்ற நாடு இன்னும் உலகப்படத்தில் இருக்கிறதென்றால், அதற்கு யாங்கோனில் லான்மடா பேட்டையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் டோ சொர்ணம்மாள்தான் காரணம். 'டோ' என்பது பர்மாவில் பெரிய மனுஷிகளின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. அவர் ஒரு நாள் அதைப் பற்றிப் பேசாமல் விட்டால் அங்கே ஏரிகள் வற்றிப்போகும், பனி கறுத்துப்போகும், கலைமான்கள் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் முட்டிக்கொள்ளும். அந்த நாட்டை ஆளுகிறவர்களுக்கே தெரியாத சட்டங்களெல்லாம் அவர் கைப்பையில் பத்திரமாக இருந்தன.

அதில் ஒன்றுதான் அவருடைய தமிழ்க் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த மஞ்சுளாவுடைய அண்ணன் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து விழுந்தது.

சொர்ணம்மாளின் அப்பா இன்சீன் ரயில் பட்டறையில் ஃபிட்டர். முப்பது வயதில் சொர்ணம்மாளைச் சபை எட்டு மாதம் பின்லாந்துக்கு வேதாகமம் படிக்க அனுப்பியது. சபைக்கு அது எட்டு மாத நிம்மதி. அதற்கான வட்டியை இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்களாம். ஆகவே இவரும் சுற்று ரயிலில் இன்சீன் போகும்போது பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொள்வார். கீரைக்கட்டோடு ஏறும் பெண்கள் அந்தப் பையை எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டு உட்காருவார்கள். அங்கே யாரும் அநாவசியமாகப் பேசமாட்டார்களாம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் நாட்டைச் 'சுவோமி' என்பார்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'சுவாமியம்மா'. வைத்தது மஞ்சுளா. அவளுக்கு வயது பதினேழு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளையும் அவள் பள்ளிக்கூடத்தையும் விட்டாயிற்று.

கல்யாணமாகி நாலாம் வருஷம் சொர்ணம்மாளின் கணவர் இறந்துவிட்டார். பின்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கல்லறைகளெல்லாம் விளக்கால் நிறைந்திருக்கும் என்று சொல்லி, வருஷா வருஷம் இவர் மட்டும் ஒற்றை மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். காற்று அணைத்துவிடும். போன வருஷம் அவர் போனபோது, அடிப்பாகம் வெட்டிய ஊறுகாய் பாட்டில் ஒன்றை யாரோ அந்தக் கல்லறைமேல் வைத்திருந்தார்கள். சுடரைச் சுற்றி மூட அளவெடுத்தது போல இருந்தது. யார் என்று மஞ்சுளாவிடம் கேட்டுப் பயனில்லை. அவள் அந்தப் பக்கமே போனதில்லை என்று சத்தியம் செய்வாள்.

சட்டம் இதுதான். பழைய காலத்துப் பின்லாந்தில் ஞானோபதேசப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாதவருக்குச் சபை கல்யாணம் செய்து வைக்காது. பண்ணை வீட்டில் ஊரைக் கூட்டிப் போதகர் ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லிக் கேட்பார். இதைச் சபைக் கமிட்டியில் சொர்ணம்மாள் பேசினார், பேசினார், சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினார். வீட்டுக்குப் போனால் போதுமென்று எல்லாரும் கையைத் தூக்கினார்கள். இருபது வருஷமாக அது இந்தச் சபையின் தீர்மானம். தமிழில் வாசித்துக் காட்டாதவனுக்கு ஓலை கிடையாது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் வாசிக்கிற அறிவிப்புக்குத்தான் ஓலை என்று பெயர்.

அண்ணன் சிவராஜுக்குப் பக்கத்துப் பேட்டையான லத்தாவில் மொத்தக் கடையொன்றில் வேலை. தமிழ் பேசுவான். எழுத்தென்றால் பர்மிய எழுத்துதான். அவன் கட்டிக்கொள்ளப்போகும் விஜயகுமாரியின் அப்பாவுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "லெந்து நாள் பொறக்கறதுக்குள்ள தாலி ஏறலேன்னா என் பொண்ணு பினாங்குக்கு அவ அத்தை வீட்டுக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டார். ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நோன்பு நாளில் சபையில் கல்யாணம் கிடையாது. லெந்துக்கு முன் மீதியிருந்தது மூன்றே ஞாயிறு. முதல் ஓலையை இன்றே வாசித்தாக வேண்டும்.

மஞ்சுளாவுக்குத் தமிழ் எழுத்து தெரியும். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் வெளியே தெரிந்தால் சொர்ணம்மாள் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்க ஏற்றிவிடுவார் என்பதால் பூனை போல மறைத்து வந்தாள். ஞானோபதேசத்தில் சொர்ணம்மாள் எப்போதும் வாசிக்கச் சொல்லும் பதினோராம் பக்கத்துத் தமிழை அப்படியே பர்மிய எழுத்தில் எழுதி, அந்தப் பக்கத்தின் மேலேயே ஒட்டி அண்ணனிடம் கொடுத்தாள்.

ஆராதனைக்கு அரை மணி முன்னால், போதகர் அறையில் மேஜைக்கு அந்தப்புறம் சொர்ணம்மாள். ஓரத்தில் போதகர். கதவோரம் மஞ்சுளா.

"உட்காராதே. நின்னு வாசி" என்றார் சொர்ணம்மாள்.

சிவராஜ் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து ஆரம்பித்தான். "பயமண்டலத்தில் வாசம்பண்ணும் இயக்கமுள்ள தேவன்…"

"எந்த மண்டலம்?"

"பயமண்டலம், ஆன்ட்டி."

"சரிதான். தேவன் என்ன உள்ளவர்?"

"இயக்கமுள்ளவர்."

இயக்கம் என்றதும் போதகர் எழுந்து போய்த் தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"பரமண்டலம் பயமண்டலமாச்சு. இரக்கம் இயக்கமாச்சு" என்றார் சொர்ணம்மாள். "ரங்கூனை யாங்கோன் ஆக்கின எழுத்துடா இது. பர்மாக்காரன் வாயில 'ர' நிக்காது, 'ய' ஆயிடும். புத்தகத்தைக் கொடு."

கொடுத்தான். ஒட்டியிருந்த தாளை அவர் நகத்தால் நெம்பிப் பிரித்தார்.

"யாரு எழுதினது?"

"அவனே எழுதிக்கிட்டிருப்பான்" என்றாள் மஞ்சுளா.

"வாசிக்கத் தெரியாதவன் பார்த்து எழுதினானாக்கும்."

"அப்ப நான் எழுதினேனா? எனக்கு 'அ' தெரியாதுன்னு சபைக்கே தெரியும்."

"உன் வாய் மட்டும் நல்லாத் தெரியும். ஐயா, ஓலை கிடையாது. ஈஸ்டர் கழிஞ்சு வரட்டும்."

சிவராஜ் தரையைப் பார்த்தான். அதைப் பார்க்க மஞ்சுளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணு கேக்கறேன் ஆன்ட்டி. உங்க பின்லாந்துல எல்லாரும் வாசிச்சாங்கல்ல? இப்ப எத்தன பேரு கோயிலுக்கு வர்றாங்க? ஞாயித்துக்கிழமை பெஞ்செல்லாம் காலின்னு நீங்கதான சொன்னீங்க? நல்லா வாசிச்சுட்டு எல்லாரும் வீட்டோட இருந்துட்டாங்க. எங்கண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு வாரம் வராம இருந்திருக்கானா?"

போதகர் இருமினார். எட்டு மாதம் தனியாக உட்கார்ந்து வந்த அந்தக் காலிப் பெஞ்சுகள் சொர்ணம்மாளுக்குத்தான் தெரியும். தலையைக் குனிந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் பொடியாக எழுதியிருந்த பர்மிய வரியை மெதுவாகத் தமிழாக்கி வாசித்தார்.

"அண்ணே, எட்டாவது வரியில் தேவனுடைய கிருபைன்னு இருக்கணும். புத்தகத்தில் தேவனுடைய கிருமின்னு அச்சடிச்சு வச்சிருக்காங்க. நீ கிருபைன்னே சொல்லு. சிரிச்சுத் தொலைக்காதே."

சொர்ணம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இருபது வருசம்" என்றார். "இந்தப் பக்கத்தை எத்தன பேரு எங்கிட்ட கடகடன்னு ஒப்பிச்சாங்க. ஒருத்தர் அந்தக் கிருமிகிட்ட நிக்கல. அதுக்குத்தான் நான் அதைத் திருத்தவே இல்ல."

போதகர் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை பெயிலு. அதுல மாத்தமில்ல. ஆனா ஓலை இன்னிக்கே வாசிக்கட்டும். அந்த வீட்டுல புத்தகத்தைப் பார்க்கிற கண்ணு ஒண்ணு இருக்கு."

சிவராஜ் நிமிர்ந்தான். சொர்ணம்மாள் கைப்பையிலிருந்து ஓலைத் தாளை எடுத்து மஞ்சுளாவிடம் நீட்டினார்.

"சபையில போய் நீ வாசி."

"நானா? யாரோ எழுதினதுக்கு நானா? சத்தியமா எனக்குத் தமிழ் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது ஆன்ட்டி" என்றாள் மஞ்சுளா, தாளை வாங்கிக்கொண்டே.

"அப்படியா" என்றார் சொர்ணம்மாள். "நான் தலைகீழால்ல கொடுத்தேன். ஏன்டி திருப்பிப் பிடிச்சே?"