ஆறு நாள் வந்து போன தாய்மான்

மூன்று வருடங்களுக்கு முன்னால், தை பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் காட்டில் நடந்தது இது.

எங்கள் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் அந்தக் காட்டில் வனத்துறைக்காகத் தினக்கூலிக்கு உண்ணிச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தோம். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து, பார்க்க அழகாகத்தான் இருக்கும் அந்தச் செடி. ஆனால் அது படர்ந்த இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லையென்றால் மானுக்குத் தீனி இல்லை. கார்த்திகை மழை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். மாசி பிறந்துவிட்டால் கடப்பாரை இறங்காது. அதனால் பனிக்காலம் முழுக்க எங்களுக்கு அங்கேதான் வேலை. செடியைப் பிடுங்கிக் குவிப்போம். மான்கள் தண்ணீர் குடிக்கிற சிமெண்ட் தொட்டியைப் பாசி போகத் தேய்த்துக் கழுவுவோம்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள் என்பதால் எனக்கு மட்டும் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். செடி எடுத்த இடத்துக்கு மான்கள் திரும்பி வருகின்றனவா என்று பார்க்க, மரங்களில் முழங்கால் உயரத்தில் கேமராக்கள் கட்டியிருப்பார்கள். பச்சை நிறத்தில் சின்னப் பெட்டி. முன்னால் எது அசைந்தாலும் தானாகப் படம் எடுத்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை பேட்டரி பார்க்க வேண்டும், மெமரி கார்டு மாற்ற வேண்டும், கண்ணாடியில் படிந்த தூசியையும் சிலந்தி வலையையும் துடைக்க வேண்டும். முன்னால் வளர்ந்த புல்லையும் வெட்ட வேண்டும். விட்டால் காற்றில் புல் ஆடுவதையே படமாக எடுத்துத் தள்ளி கார்டு நிரம்பிவிடும். சில பெட்டிகளுக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கும். அதையெல்லாம் பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்வேன். எனக்குப் பிடித்த வேலை அது. படித்த படிப்புக்கு ஏதோ ஒரு மரியாதை கிடைத்த மாதிரி இருந்தது.

கேமரா வேலைக்கு வனக்காவலர் அண்ணன் ஒருவர் கூட வருவார். பல வருடமாகக் காட்டில் இருப்பவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்.

அன்று காலை ஓர் ஊஞ்ச மரத்தில் இருந்த கேமராவுக்குப் புதுக் கார்டு போட்டுப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தேன். கேமராவுக்கு எதிரே பத்தடி தள்ளி, உண்ணிப்புதரின் ஓரத்தில் ஏதோ பழுப்பாகத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், புள்ளிமான் குட்டி. பிறந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி, அசையாமல் கிடந்தது. கண் ஓரத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. அதைக்கூட ஓட்டவில்லை.

நான் குனிந்ததைப் பார்த்த அண்ணன் பதறிப்போய், "பேடம்மா, பேடா!" என்றார். அவசரத்தில் அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "வேணாம்மா, தொடாத. ஆத்தாக்காரி மேயப் போயிருப்பா. குட்டிய இப்பிடித்தான் பொதர்ல படுக்க வச்சுட்டுப் போவா. நாம நின்னா கிட்ட வர மாட்டா. வா, போலாம்."

"இல்லீங்கண்ணா, நம்ம ஆளுங்க செடி புடுங்கிக்கிட்டு இப்பிடித்தான வராங்க. பாக்காம மெதிச்சுட்டா? ஊர் நாய் வேற இங்க வருது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, அவங்கள இன்னிக்கு அந்தப் பக்கமா போவச் சொல்லிடறேன். நீ நல்லாத் தள்ளி நின்னு பாரு. ஒரு மணி நேரமாவது பாரு. நான் அடுத்த கேமராவ முடிச்சுட்டு வரேன்."

அவர் போய்விட்டார். நான் தள்ளி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று அப்போது கேட்டிருந்தால் ரொம்ப நேரம் என்றுதான் சொல்லியிருப்பேன். காட்டில் தனியாக நின்றால் ஒவ்வொரு நிமிடமும் நீளமாகத்தான் இருக்கும். எங்கோ நாய் குரைத்தது. குட்டி அப்படியே கிடந்தது. பெற்ற குட்டியை இப்படிப் போட்டுவிட்டு ஒரு தாய் போவாளா, இது அநாதைதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, குட்டியை அதில் சுற்றி மார்போடு தூக்கிக்கொண்டேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. பயத்தில் அடிக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிழைத்துக்கொண்ட சந்தோஷம் என்று நினைத்தேன்.

அரை மணி நேரம் நடந்து காவலர்கள் தங்கும் கொட்டகைக்குக் கொண்டு போனேன். மதியம் அண்ணன் வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "எத்தினி நேரம் பாத்த?" என்றார்.

"ஒரு மணி நேரத்துக்கு மேலயே பாத்தனுங்கண்ணா. ஒண்ணும் வரலை."

வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

தகவல் தெரிந்து, காவலர்களுக்கு மேலதிகாரியான வனவர் சார் பைக்கில் வந்தார். குட்டியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஆத்தா பக்கத்துல இருக்கற மாதிரி இருந்தா இப்பவே கொண்டுபோயி அதே எடத்துல வச்சிடலாம்மா. ரெண்டு நாள் வரைக்கும்கூட வந்து தேடும். நல்லாப் பாத்தீங்களா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'கொஞ்ச நேரம்தாங்க சார் நின்னேன்' என்றால் முடிந்திருக்கும். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் ஒன்று சொல்லிவிட்டு இவரிடம் ஒன்று சொல்வதா? "நல்லாப் பாத்தனுங்க சார்" என்றேன்.

அன்று சாயங்காலமே நான் குட்டியை மடியில் வைத்திருக்கும் படம் எங்கள் குழு வாட்ஸ்அப்பில் சுற்றியது. 'தாய் மனசு' என்று ஒருவர் போட்டார். கம்பைநல்லூரிலிருந்து என் நாத்தனார் போன் செய்து, "ஏம்புள்ள, மான்குட்டிய காப்பாத்துனயாமா?" என்று கேட்டாள். ஓசூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அந்தப் படத்தைத் தன் கம்பெனி ஆட்களிடம் காட்டியதாகச் சொன்னார். நானும் அதையே என் டிபியாக வைத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். ஆட்டுப்பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். "இவ்ளோ சின்னக் குட்டி ஆத்தா பால் இல்லாம பொழைக்கிறது கஷ்டம்மா" என்றும் சொன்னார். என் மகள் குடித்த பால் பாட்டிலைத் தேடி எடுத்துக் கொண்டு போனேன். முதல் நாள் குடிக்கவில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் குடித்தது. மூன்றாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்தது. டாக்டர் திரும்ப வந்து ஊசி போட்டார். நாலாம் நாள் காலை நான் போய்ச் சேர்வதற்குள் உயிர் போயிருந்தது. என் துண்டின் மேலேயே, பார்த்த அன்றைக்குக் கிடந்த மாதிரியே, கழுத்தை நீட்டிக் கிடந்தது.

அழுதேன். எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். "உன்னால முடிஞ்சத நீ செஞ்சுட்ட, விடு" என்றாள் கூட வேலை செய்யும் அக்கா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதற்கு மூன்று நாள் கழித்து அந்த ஊஞ்ச மரத்துக் கேமராவில் கார்டு மாற்றும் முறை வந்தது. கார்டைக் கொண்டு வந்து கொட்டகையில் இருந்த லேப்டாப்பில் போட்டேன். அண்ணன் வெளியே அடுப்பில் டீ வைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை மூடும்போது விழுந்த என் முகம்தான் முதல் படம். அப்படிப்பட்ட படங்களை நாங்கள் பார்க்காமல் தள்ளிவிடுவோம். அன்று என்னவோ தள்ளவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழேயும் மணி இருக்கும். பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அண்ணன் போகிறார். பத்து இருபத்தொன்றுக்கு நான் குனிகிறேன். ஒன்பது நிமிடம். ஒரு மணி நேரம் என்று நான் சொன்னது மொத்தமே ஒன்பது நிமிடம்.

பத்து நாற்பதுக்கு, தாய் வந்திருந்தது.

அடுத்தடுத்த படங்களில் அது புதர் ஓரத்துக்கு வருகிறது, குட்டி கிடந்த இடத்தை மோந்து பார்க்கிறது, தலையைத் தூக்கி நான் போன பக்கம் பார்க்கிறது. மடியில் பால் கட்டியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. சாயங்காலம் திரும்ப வந்திருக்கிறது. மறுநாள் காலை, மறுநாள் சாயங்காலம். ஒரு படத்தில் வாயைத் திறந்தபடி நின்றிருந்தது. படத்தில் சத்தம் வராது. ஆனால் கூப்பிடுகிறது என்று பார்த்தாலே தெரியும்.

மூன்றாம் நாள் எங்கள் பெண்கள் வந்து அந்தப் புதரைப் பிடுங்கியிருந்தார்கள். நான் கொட்டகையில் குட்டியோடு இருந்த நாள் அது. அடுத்த படத்தில் புதர் இல்லை, கொத்திப் போட்ட செம்மண்தான் இருந்தது. அந்த வெறும் மண்ணில் வந்து நின்று, கரெக்டாக அதே இடத்தை மோந்துகொண்டிருந்தது தாய்மான். நாலாம் நாள், கொட்டகையில் குட்டி செத்த பிறகும் வந்தது. ஐந்தாம் நாளும் வந்தது. ஆறாம் நாள் காலை வந்து கொஞ்ச நேரம் நின்றதுதான் கடைசி.

மூன்று நாள் குட்டி உயிரோடு இருந்திருக்கிறது. அரை மணி நடை தூரத்தில், மூன்று நாளும் அதன் தாய் வந்து தேடியிருக்கிறது. வனவர் கேட்டபோது நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும்.

பொய் சொல்லாமல் எழுதுகிறேன். அந்தப் படங்களை அழித்துவிட நினைத்தேன். எல்லாவற்றையும் தேர்வு செய்துவிட்டேன். ஒரு பட்டனை அமுக்கினால் போதும், யாருக்கும் தெரியாது. அமுக்க முடியவில்லை. "அண்ணா" என்று கூப்பிட்டேன். டீ டம்ளரோடு உள்ளே வந்தவர் நின்றபடியே எல்லாப் படத்தையும் பார்த்தார்.

"ஒன்பது நிமிசந்தாங்கண்ணா பாத்தேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அன்று எங்கள் இரண்டு பேருடைய டீயும் ஆறிப்போய் ஏடு கட்டியது. அதற்குப் பிறகு பத்து நாளைக்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை.

வனவர் சாரிடம் நானே போய்ச் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா கொண்டுபோயி விட்டிருக்கலாமேம்மா" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் போல இருந்தது. கேமரா வேலையை என்னிடமிருந்து எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்தார். அது நியாயம்தான்.

அன்று வேலை முடிந்து வந்தபோது என் மகள் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. தினமும் காலையில் அவளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் நான் காட்டுக்குப் போவேன். "பச்சப்புள்ளய வுட்டுட்டு காட்டு வேலைக்கிப் போறா பாரு" என்று சொந்தக்காரர்களே என் காதுபடப் பேசியிருக்கிறார்கள். வயிற்றுக்காகப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்று நான் எத்தனையோ தடவை ஆத்திரப்பட்டிருக்கிறேன். அதே நான்தான் மேயப் போன ஒரு தாயைப் பார்த்து, பெற்ற குட்டியைப் போட்டுவிட்டுப் போவாளா என்று நினைத்தேன். மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏம்மா அளுவுற?" என்று கேட்டாள். போனை எடுத்து அந்த டிபியை நீக்கினேன்.

அந்தப் பனிக்காலம் முடியும் வரை கடப்பாரையோடுதான் இருந்தேன். அண்ணன் பிறகு பேச ஆரம்பித்தார். பழைய மாதிரி இல்லை, வேலைக்கு என்ன தேவையோ அந்த அளவுக்கு மட்டும். அடுத்த பனிக்காலத்தில் கேமரா வேலை திரும்ப என்னிடம் வந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அண்ணன் சொல்லித்தான் கொடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

போன மார்கழியில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் புதருக்குள் குட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, "அய்யோ, இங்க பாருங்கக்கா!" என்று கத்தினாள். குட்டியை எடுக்கக் கையை நீட்டிவிட்டாள். நான் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். அந்தப் பெண் என்னை வினோதமாகப் பார்த்தாள். மதியம் சோறு சாப்பிடும்போது அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்பது நிமிடம் உட்பட. அந்தக் குட்டியின் தாய் வந்து அதைக் கூட்டிப் போனதா, தெரியாது. அங்கே கேமரா இல்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

குட்டியைத் தூக்கியது தெரியாமல் செய்த தப்பு என்று இத்தனை நாளில் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடிந்திருக்கிறது. ஆனால் கேட்டவரிடம் "நல்லாப் பாத்தனுங்க சார்" என்று சொன்னது தெரிந்தே சொன்னது. அதை மட்டும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் என்னால் என்னை மன்னிக்க முடியவில்லை.